‘ஒண்ணுமில்ல மேடம்’ என்று உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிப் பேசுவது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். படிப்பு முடித்து எட்டு மாதமாகப் புது வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் கவுன்சிலராக இருக்கிறீர்கள். 32 வயதில் ஒருவர் வருகிறார். மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று படபடப்பு, நெஞ்சு அடைப்பு, கை மரத்துப்போவது. மூன்று முறை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார், மூன்று முறையும் ஈ.சி.ஜி. நார்மல். வீட்டில் ஓயாத சண்டை. மனைவி இரண்டு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எர்ணாவூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மனைவியின் அண்ணன்தான் இவரை உங்களிடம் கூட்டிவந்து விட்டிருக்கிறார். மூன்று சிட்டிங் ஆகியும் எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்ல மேடம்”, “அதெல்லாம் சரியாயிடும் மேடம்”. நான்காவது வாரம் ஆள் வரவில்லை. “வேலை இருக்கு மேடம், அடுத்த வாரம் பாக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. “இவரைப் பேச வைப்பது எப்படி? படபடப்பை முதலில் பார்ப்பதா, குடும்பப் பிரச்சினையையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் நீங்கள் எழுதாத ஒரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: “என்னிடம் ஏதோ குறை இருப்பதால்தான் பேசமாட்டேன் என்கிறாரோ?” மூன்று கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். ராயபுரம், தண்டையார்பேட்டை வட்டாரத்தில் 19 வருடமாகப் பார்க்கிறேன். உங்களிடம் வருபவரை நான் பார்த்ததில்லை, அவர் குரலைக் கேட்டதில்லை. அதனால் இது இப்படிப்பட்டவர்களோடு நான் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். உங்களுக்கு மேற்பார்வை செய்யும் சீனியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் நேரில் சொல்வது நான் இங்கே எழுதுவதைவிட மேல். நீங்கள் எழுதிய விவரங்களில் ஊரையும் வேலையையும் மாற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாற்றவில்லை என்றால் இப்போதே போய்த் திருத்திவிடுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் உங்கள் அறையில் “ஒண்ணுமில்ல” என்று சொல்வதும், மனைவி கேட்கும்போது வாயை மூடிக்கொள்வதும், படபடப்பு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் ஒரே காரியம். மூன்றும் பயத்திலிருந்து தப்பிக்கும் வழி. தயக்கத்தை எப்படியாவது தாண்டிவிட்டால் சிகிச்சையை ஆரம்பிக்கலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். அந்தத் தயக்கமே அவருடைய நோய் உங்கள் கண்முன்னால் நடப்பது. அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் இடத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். அவராக வரவில்லை, மச்சான் கூட்டிவந்திருக்கிறார். மனைவியின் அண்ணன் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பது என்றால் நம் ஊரில் அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர். நீங்கள் கவுன்சிலராக உட்கார்ந்திருக்கிறீர்கள், அவர் கண்ணுக்கு நீங்கள் பெண் வீட்டுப் பக்கத்து ஆள். அடுத்தது, கீழ்ப்பாக்கம். 1794-ல் தொடங்கி 1871-லிருந்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையால் எத்தனையோ ஆயிரம் பேர் குணமாகியிருக்கிறார்கள். ஆனாலும் சென்னையில் ஒருத்தரைத் திட்ட வேண்டுமானால் அந்த ஊர்ப் பெயரே போதும் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். “நீ கீழ்ப்பாக்கம் போக வேண்டிய ஆளு” என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒருவர் உங்கள் கிளினிக் படியேறும்போது தெருவில் யார் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படியும் மூன்று முறை வந்திருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த மூன்று முறையே பெரிய பேச்சு.

இன்னொன்று எனக்குப் புரிய வருடங்கள் ஆனது. நான் ஆரம்பித்த புதிதில் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் ஒரு தம்பி வந்தான். மீன்பிடித் தடைக்காலம், இப்போது ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், அப்போது 45. வேலை இல்லை, கையில் காசு இல்லை, வீட்டில் சண்டை, தூக்கம் இல்லை. அவன் பேசவில்லை என்பதால் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். “அப்போ என்ன தோணுச்சு? அப்புறம் என்ன பண்ணீங்க? ஏன் அப்படிப் பண்ணீங்க?” முக்கால் மணி நேரம். அவன் எழுந்து, நான்காக மடித்து வைத்திருந்த ரூபாய் நோட்டுகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். திரும்பி வரவே இல்லை. பல மாதம் கழித்து வேறு வேலையாக வந்த அவன் மனைவி சொன்னாள்: “ஸ்டேஷன்ல கேக்கற மாரி கேட்டாங்கன்னு சொல்லிச்சு மேடம்.” எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் படித்தவர், இந்தப் பக்கம் தான், எதிரில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் எதையோ எழுதிக்கொள்கிறார்கள்: நம் பகுதியில் வளர்ந்த பையன்களுக்கு இந்தக் காட்சி முன்பே தெரியும். ஹெட்மாஸ்டர் அறையில், போலீஸ் ஸ்டேஷனில், தவணை கட்டாதபோது ஃபைனான்ஸ் ஆபீசில் இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கெல்லாம் குறைவாகப் பேசுகிறவன்தான் தப்பித்தான். அவர் உங்களிடம் கைக்கொள்வதும் அந்த அனுபவத்தில் கற்ற புத்தியைத்தான்.

அன்றிலிருந்து நான் மேசையை சுவரோரமாகத் தள்ளிவிட்டேன். இரண்டு நாற்காலியையும் நேருக்கு நேர் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போடுகிறேன், இருவரும் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி. முதல் இரண்டு சந்திப்பில் எதிரில் எழுதுவதில்லை, அவர் போன பிறகு எழுதிக்கொள்கிறேன். இதற்கெல்லாம் ஆய்வு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால் என்னிடம் இருப்பது பழக்கம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நம் பகுதியில் புருஷனும் பொண்டாட்டியும் மனசு விட்டுப் பேசிக்கொள்வது பைக்கில் போகும்போது. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, பக்கத்தில் மாமியார் இல்லை. முகம் பார்க்காமல் பேசுவது பலருக்குச் சுலபம்.

சரி, பேச்சுக்கு முன்னால் சில விஷயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஈ.சி.ஜி. நார்மல் என்பதோடு உடம்பு விஷயம் முடிந்துவிடாது. தைராய்டு, ரத்த சோகை இரண்டும் படபடப்பைக் கொண்டுவரும். நைட் ஷிப்டில் எத்தனை டீ குடிக்கிறார், எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேளுங்கள். குடி எவ்வளவு என்று கேளுங்கள், “குடிப்பீங்களா” என்று கேட்காமல் “வாரத்துல எத்தனை நாள், ஒரு நாளைக்குக் குவார்ட்டரா, கூடவா” என்று. தினமும் குடிப்பவருக்குப் போதை இறங்கும் நேரத்தில் கை நடுக்கமும் படபடப்பும் வரும், அது வெறும் மனப்பதற்றம் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அதோடு, தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டர் துணை இல்லாமல் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில். மாத்திரை தேவையா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதற்றத்துக்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பதை மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாள் நிறுத்திவிடுவார். மருந்துக் கடையில் யாரோ சொன்ன தூக்க மாத்திரையை அவராக வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள்.

இன்னும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் நேராகக் கேட்க வேண்டும். ஒன்று, “செத்துடலாம்னு தோணியிருக்கா?” இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. “ஆமாம்” என்றால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதைப் பாருங்கள். ராத்திரி நேரத்துக்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எழுதிக் கொடுங்கள். தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். இரண்டாவது, “சண்டையில கை நீட்டியிருக்கீங்களா, அவங்க உங்களைப் பார்த்துப் பயப்படறாங்களா?” அடி உதை இருக்கும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது ஆபத்து. உங்கள் அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க நேரலாம். அப்படி இருந்தால் மனைவிக்குத் தனி உதவி வேண்டும், பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

இனி அந்த “ஒண்ணுமில்ல” பற்றி. நான் செய்வது, தயக்கத்தை நானே வாய்விட்டுச் சொல்லிவிடுவது. “நீங்க இங்க வரணும்னு நினைச்சு வரல, மச்சான் கூட்டிட்டு வந்தாரு. உங்க இடத்துல இருந்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். நான் அவங்க பக்கத்து ஆளு கிடையாது. நீங்க சொல்றதை அவர்கிட்ட சொல்ல மாட்டேன், உங்க வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் சும்மா இருக்க முடியாது, அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.” ரகசியம் காப்பது நம் நல்ல குணம் மட்டும் அல்ல. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு அதை அவருடைய உரிமையாகவே சொல்கிறது. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று சொல்லும்போது சிலருடைய தோள் கொஞ்சம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மச்சான் உங்களுக்குப் போன் செய்து “என்ன சொல்றான்?” என்று நிச்சயம் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். “வந்தாரா இல்லையான்னுகூட நான் சொல்லக்கூடாதுங்க” என்பதுதான் பதில். அந்தப் பதில் எப்படியும் இவர் காதுக்குப் போய்ச் சேரும், அது உங்களுக்கு நல்லது.

அப்புறம் ஒரு கேள்வி. இது எனக்கு நிறையக் கை கொடுத்திருக்கிறது. “எதைப் பத்திப் பேசலாம்” என்று கேட்காமல், “எதைப் பத்தி இன்னிக்குப் பேச வேண்டாம்? சொல்லுங்க, அதை நான் தொடமாட்டேன்” என்று கேட்டுப் பாருங்கள். பூட்டும் சாவியும் அவர் கையில் என்று ஆனதும் பலர் அந்தப் பேச வேண்டாத விஷயத்தின் பெயரையாவது சொல்வார்கள். “அவங்க அம்மா வீட்டு மேட்டர் வேணாம் மேடம்.” சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள், அன்றைக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். வற்புறுத்த வற்புறுத்த ஆள் எதிர்ப்பக்கம் நகர்வார் என்பது குடிநோயாளிகளோடு வேலை செய்த வில்லியம் மில்லர் 1983-ல் எழுதியதிலிருந்து வளர்ந்து வந்த ஓர் அணுகுமுறை. ஸ்டீபன் ரோல்னிக் பின்னர் அவரோடு சேர்ந்தார். “இவர் ஒத்துழைக்காத ஆள்” என்று நாம் எழுதுவது பெரும்பாலும் அந்த நபரின் குணம் கிடையாது, நமக்கும் அவருக்கும் நடுவில் அந்த நேரத்தில் நடப்பது என்பது அவர்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. ஆக உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: உங்களிடம் குறை இல்லை. ஆனால் உங்களுக்கு அதில் பங்கு உண்டு, அதை மாற்றவும் முடியும்.

பெரிய கேள்விகளை விட்டுவிடுங்கள். “உங்க மேரேஜ் லைஃப் எப்படி இருக்கு” என்று கேட்டால் “பரவால்ல” என்பதைத் தவிர வேறு என்ன வரும்? கடைசியாகப் படபடப்பு வந்த அந்தப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள். எங்கே நின்றார், கையில் என்ன இருந்தது, முதலில் எது தெரிந்தது, நெஞ்சா, மூச்சா, கையா? ஆண்கள் மனசைப் பற்றிப் பேச மாட்டார்கள், மெஷினைப் பற்றிப் பேசுவது போல உடம்பைப் பற்றி நன்றாகப் பேசுவார்கள்.

சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். தொழிலும் ஊரும் மாற்றியிருக்கிறேன், வேறு ஒருவர் கதையும் இதில் கலந்திருக்கிறது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எந்த நிமிடமும் எழுந்து போகத் தயாராக. பேச்சு கொஞ்சம் நெருங்கினால் கட்டை விரலால் அதன் கண்ணாடியை மேலே தூக்குவார், இறக்குவார், டக் டக் என்று சத்தம் வரும். இரண்டு சந்திப்பு அந்தச் சத்தத்திலேயே போனது. மூன்றாவது தடவை நான் எதுவும் கேட்காமல் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. “ஐயோ, ஹார்ட் அட்டாக்” என்று மனசு சொல்கிறது. பயம் வருகிறது. பயந்தால் மூச்சு வேகமாகும், நெஞ்சு இன்னும் அடிக்கும். மூச்சு வேகமாக வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் விரல் மரத்துப்போகும். “கையும் போச்சு, கன்ஃபார்ம்” என்று மனசு சொல்லும். சில நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் ஆள் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிடுவார், அங்கே வந்ததால்தான் பிழைத்தேன் என்று நினைப்பார். அதனால் அடுத்த முறையும் ஓடுவார். உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தை ஆபத்து என்று தப்பாகப் படிப்பதுதான் இந்தச் சுழலை ஓட்டுகிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் எழுதினார். அதை வைத்து அமைத்த சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது என்பது நம் துறையில் உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் ஒன்று.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எப்போ அதிகமா வருது?” என்று மட்டும் கேட்டேன். “அவ போன் அடிக்கறப்ப.” முதல் முழு வாக்கியம். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டேன், இந்த முறை அவரே சொல்லச் சொல்ல. மனைவி “எங்க இருக்க, ஏன் போன் எடுக்கல” என்கிறாள். இவருக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கிறது. மறுபடியும் அது வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடுகிறார், மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். அவளுக்கு இவர் நெஞ்சு அடிப்பது தெரியாது. முதுகு காட்டிப் போவது மட்டும்தான் தெரியும். “என்னை மதிக்கறதே இல்ல” என்று குரல் உயர்கிறது. குரல் உயர உயர இவர் இன்னும் உள்ளே போகிறார். இரண்டு வட்டமும் ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டன, நெஞ்சு அடிக்கும் இடத்தில். ஒருவர் துரத்துவது, இன்னொருவர் விலகுவது என்ற இந்தச் சுழலை உளவியலாளர் ஆன்ட்ரூ கிறிஸ்டென்சனும் அவர் குழுவினரும் பல வருடங்களாக நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க உள்ள வீடுகளில் இருக்கிறது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அம்மா, தம்பி, குழந்தை எல்லோரும் படுத்திருக்கும் நம் வீடுகளில் அது கூடுதல் வேகத்தில் சுற்றும். விலகிப் போக மாடியைத் தவிர இடமில்லை, சமாதானமாக வேண்டுமென்றாலும் இடமில்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், ஹெல்மெட் தரையில் இருந்தது. எப்போது இறக்கி வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவும் இல்லை.

உங்களிடம் வருபவருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு மனைவி மேல் பயமே இல்லாமல் யார்டில் நடந்த ஒரு விபத்து காரணமாக இருக்கலாம், சொல்ல முடியாத கடன் இருக்கலாம். படம் வரைந்து, “இது உங்களுக்குப் பொருந்துதா, எங்க தப்பா இருக்கு?” என்று கேளுங்கள். தப்பைத் திருத்தச் சொன்னால் பேசாத ஆளும் பேசுவார்.

படபடப்பா, குடும்பமா, எது முதலில் என்ற கேள்வியில் உறுதியான விடை கிடையாது. பதற்றம் உறவைக் கெடுக்கிறது, கெட்ட உறவு பதற்றத்தை வளர்க்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆளிடம் எது முதலில் வந்தது என்று பிரித்தெடுக்க யாராலும் முடிவதில்லை. நான் வழக்கமாகப் படபடப்பில் ஆரம்பிக்கிறேன். காரணம் எளிது: அவர் உதவி கேட்டு ஓடியது அதற்குத்தான், மூன்று முறை ராத்திரியில். குடும்பப் பிரச்சினை மற்றவர்கள் அவர் மேல் ஏற்றிவைத்த புகார். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: எதற்காகச் சேர்ந்து உழைக்கிறோம், எந்த வேலையைச் செய்கிறோம், நமக்குள் இருக்கும் பிணைப்பு. பிணைப்பு இல்லையே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்து உங்களுக்கும் அவருக்கும் முதலாவதே இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் நெஞ்சு வலிக்கு வந்தார், நீங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

படபடப்பில் ஒரு சின்ன வெற்றி கிடைத்தால் மற்றது தானாக வரும். டாக்டர் இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதி சொன்ன பிறகு, நான் சிலரோடு கிளினிக் மாடிப்படியை இரண்டு முறை வேகமாக ஏறி இறங்குவேன். நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும். “இப்ப இது ஹார்ட் அட்டாக்கா, படி ஏறினதா?” என்று சேர்ந்து நின்று அது இறங்கும் வரை பார்ப்போம். பயத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வரவழைத்து, ஓடாமல் நிற்பது. இதை ஒரு சீனியரிடம் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள், படித்துவிட்டு மறுநாளே செய்ய வேண்டாம்.

ஓடாமல் நிற்பதை வீட்டுப் பேச்சுக்கும் கொண்டுபோகலாம். ஹெல்மெட்காரருக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்: “இப்ப நெஞ்சு படபடங்குது, பேச முடியல. எட்டு மணிக்கு நானே வந்து பேசறேன்.” மாடிக்குப் போகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அந்த நேரத்துக்கு வர வேண்டும். அறையில் அதை ஆறு தடவை சொல்லிப் பார்த்தோம். முதல் இரண்டு தடவை அவருக்குக் குரலே எழும்பவில்லை. பெரிய மனமாற்றம் எதையும் நான் கேட்கவில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணி, அது போதும். முதல் வாரம் ஒரு தடவை செய்தார், ஒரு தடவை தூங்கிவிட்டார். மனைவியோ தூங்கிய நாளைப் பற்றி மட்டும்தான் பேசினாராம். அது நியாயம்தான், நிறைய நாள் ஏமாந்தவர் அவர்.

மனைவியை எப்போது அழைப்பது? உங்களிடம் வரும் கணவர் சம்மதித்த பிறகு, அவரே மனைவியைக் கூப்பிட்ட பிறகு. இதில் எனக்குள்ளேயே இரண்டு மனசு உண்டு. தனிநபர் சிகிச்சை என்று படித்துவிட்டு வந்த நாம் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்துகிறோம். ஆனால் இந்த நாட்டு மனநல மருத்துவம் ரொம்ப காலமாகவே குடும்பத்தை உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். பதற்றத்தோடு வரும் இளம் கணவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் துறையில் ஒத்த கருத்து இல்லை. இருவரும் வந்தால் முதல் நாளே தீர்ப்புக் கேட்பார்கள், “நீங்களே சொல்லுங்க மேடம், யார் மேல தப்பு?” என்று. அந்த வலையில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். அந்த வட்டத்தைக் காட்டி, இது உங்கள் இரண்டு பேரையும் ஆட்டிவைக்கிறது என்று சொல்லுங்கள்.

அறிவுரை பற்றி ஒரு வார்த்தை. நேராக அறிவுரை சொல்லக் கூடாது என்று நமக்குப் பாடம். ஆனால் நம்மிடம் வருபவர் “என்ன பண்ணணும்னு சொல்லுங்க” என்றுதான் வருகிறார். நாம் திருப்பித் திருப்பிக் கேள்வியே கேட்டால் இவருக்கு எதுவும் தெரியாது போல என்று நினைப்பார். இந்திய மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி 1973-லேயே, இங்கே சிகிச்சை உறவுக்குக் குரு–சீடன் உறவை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா என்று எழுதினார். நான் குருவாக உட்கார விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் கையில் எடுத்துப் போக ஏதாவது ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறேன்: ஒரு தாள், ஒரு வாக்கியம், டீயை நான்காகக் குறைப்பது. வாழ்க்கையைப் பற்றிய முடிவுகளை மட்டும் நான் சொல்வதில்லை.

அவர் திரும்ப வராமலே போகலாம். 669 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதியில் நின்றுவிட்டதாகக் கண்டார்கள். சிகிச்சை உறவு நன்றாக இருந்தால் பலன் கூடுகிறது என்பதும் உறுதியானது, ஆனால் அந்தத் தொடர்பு மிதமானதுதான். உறவால் பலன் வருகிறதா, பலன் தெரிய ஆரம்பித்ததால் உறவு நன்றாகிறதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒருவர் போகலாம். என் காசிமேட்டுத் தம்பி போல நம் தவறால் போனவர் என்றால் அதையும் எழுதி வைத்துக்கொண்டு சீனியரிடம் கொண்டுபோங்கள்.

இப்போதைக்கு அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், போன் செய்ய வேண்டாம். அவருக்குப் போன் மணி அடிப்பதே ஒரு பயமாக இருக்கலாம். இப்படி எழுதலாம்: “வணக்கம். போன மூணு தடவையும் நான் நிறையக் கேள்வி கேட்டுட்டேன்னு தோணுது. அடுத்த தடவை அந்தப் படபடப்பு ஏன் வருது, கை ஏன் மரத்துப்போகுதுன்னு வரைஞ்சு காட்டறேன். நீங்க எதுவும் பேசணும்னு இல்ல. வர முடியலன்னாலும் சொல்லலாம், தப்பில்ல.” பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை, அதற்கு மேல் வேண்டாம். வருகிறேன் என்றால் நாள் குறிக்கும் முன் அவருடைய ஷிப்ட் என்ன என்று கேளுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் ஆறு மணி என்பது அவர் தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்பும் நேரம். காலை எட்டரைக்கு, யார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் வரச் சொல்லிப் பாருங்கள். அந்த நேரத்தில் கிளினிக்கைத் திறக்க முடியுமா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.